பெயர்ப் பலகையை மூடிவிட்டுப் பார்த்த ஒரு கடை

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே அக்கா குரலைத் தாழ்த்திவிட்டாள். அதுவரை தெருவில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவள், ஏதோ நூலகத்துக்குள் வந்துவிட்ட மாதிரி, "இங்கே எல்லாம் நல்லா இருக்கும் போலடா" என்று கிசுகிசுத்தாள். இன்னும் ஒரு பொருளைக்கூடத் தொடவில்லை. ஒரு விலைச்சீட்டையும் புரட்டவில்லை. ஆனாலும் பொருள் தரமானது என்று அவளுக்குள் முடிவாகிவிட்டது.

நான் கடைகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். 18 வருடமாக இதே தொழில்தான். துணிக்கடை, நகைக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை என்று எத்தனையோ கூரைகளில் ஏணி போட்டு ஏறியிருக்கிறேன். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன், அப்புறம்தான் பொருளைப் பார்ப்பேன். இந்தக் கடையில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைச்சீலை, கொஞ்சம் மண்பாத்திரங்கள் விற்கிறார்கள். சமீபத்தில் உள்ளே முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மூன்று முறை போய்வந்துவிட்டேன். ஒரு குறையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, சொல்ல வேண்டிய நல்ல விஷயங்களே கூடுதலாக வருகின்றன.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு கடையின் உள்ளமைப்பை எடைபோட நான் வைத்திருக்கும் சோதனைக்கே பெயர் தேவையில்லை. வாசல் பலகையை மனசுக்குள் துணி போட்டு மூடிவிடுங்கள். உள்ளே நடுவில் போய் நில்லுங்கள். இது யாருடைய கடை, என்ன மாதிரியான ஆட்கள் நடத்துகிறார்கள், எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று தெரிகிறதா? தெரிந்தால் அந்த உள்ளமைப்பு தன் வேலையைச் செய்கிறது. தெரியாவிட்டால் பணம் போட்டு ஓர் அழகான அறையைக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு தேறுகிற கடைகள் உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் முதல் இரண்டு கடைகளை 2001 மே 19 அன்று அமெரிக்காவில் திறந்தது. அதற்கு முன்பே ஒரு கிடங்குக்குள் மாதிரிக் கடையைக் கட்டிப் பார்த்து, அடுக்கிய விதம் சரியில்லை என்று கலைத்து, மறுபடி அடுக்கினார்கள். இன்றைக்கு அந்த நீள மர மேஜைகளையும், மின்சாரம் கொடுத்து, தொட்டுப் பார்க்கத் தயாராக வைத்திருக்கும் கருவிகளையும் பார்த்தால் போதும், ஆப்பிள் சின்னம் தேவையில்லை. தோல், கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்கும் ஈசாப் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் இதற்கு நேர் எதிரான வழியில் போய் அதே இடத்துக்கு வந்தது. அவர்களுடைய முதல் கடை 2003-இல் மெல்போர்னில், நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சாய்தளத்தில் திறந்தது. அதன்பிறகு ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவமைப்பாளர், வேறு வேறு சுவர், வேறு வேறு தரை. ஆனால் வரிசையாக நிற்கும் பழுப்புக் குப்பிகளும், கை கழுவிப் பார்க்க ஒரு தொட்டியும் கண்ணில் பட்டால் இது ஈசாப் என்று தெரிந்துவிடும். வீட்டுச் சாமானும் உடையும் விற்கும் முஜி இன்னும் ஒரு படி மேலே. அந்த ஜப்பானியப் பெயரின் விரிவுக்கே 'சின்னமில்லாத நல்ல பொருள்' என்றுதான் அர்த்தம். 1980-இல் 40 பொருள்களோடு தொடங்கி, 1983-இல் டோக்கியோவின் அயோமாவில் முதல் தனிக்கடை வைத்தார்கள். பெயரே வேண்டாம் என்று சொல்லும் ஒரு நிறுவனத்துக்கு அடையாளத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த அறைகளும் பழுப்புக் காகிதச் சீட்டுகளும்தானே.

சரி, நம் கடைக்கு வருகிறேன்.

சுவரில் பளபளப்புச் சாயம் கிடையாது, சுண்ணாம்புப் பூச்சு. அலமாரிகள் மெருகேற்றாத மரம். கையை வைத்தால் மர நரம்பு விரலில் தட்டுகிறது. விலைச்சீட்டு தடித்த காகிதம், ஒரே நிற மை, நூலால் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ஊழியர்கள் கட்டியிருந்த மேலங்கி. விற்கிற விரிப்புத் துணியிலேயே தைத்தது. தினம் தினம் துவைத்து, முழங்கால் பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆறு மாதம் துவைத்தால் இந்தத் துணி எப்படி இருக்கும் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டார்கள். பலகையை மூடினாலும் தெரிகிறது: இவர்கள் துணியை மதிக்கிறவர்கள்.

அக்கா ஏன் கிசுகிசுத்தாள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கூரையில் மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்கள், இடைவெளிக்குப் பின்னால் கறுப்புக் கம்பளித் தகடு. சுற்றிலும் தொங்குவது திரைச்சீலை. எதிரொலி எழும்ப இடமே இல்லை. தெரு இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும்போது, தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்கிறது, உடனே தாழ்த்திக்கொள்கிறோம். குரல் தாழ்ந்தால் நடையும் தாழ்கிறது. வாசலிலிருந்து முதல் ஆறேழு அடிக்கு ஒரு பொருளும் வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அனுபவப்பட்ட கடைக்காரர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடுவார்கள். வெளி வெளிச்சத்திலிருந்து கண் பழகி, நடை வேகம் குறைவதற்குள் அந்த ஆறடியைத் தாண்டிவிடுகிறோம். அங்கே தங்கத்தையே குவித்து வைத்தாலும் பாதிப் பேர் பார்க்காமல் போவார்கள்.

இப்போது விளக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் வெளிச்சம் மட்டாகத்தான் இருக்கிறது. மேஜைகளின் மேல் மட்டும் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. மனிதக் கண் வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். அதனால் யாரும் கைகாட்டாமலே ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு மேஜைக்கும் ட்ராக் லைட் இரண்டு, அதாவது கூரையில் ஒரு தண்டவாளத்தில் மாட்டி, வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளும் விளக்கு. நேர் மேலேயிருந்து அடிக்காமல், பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். துண்டு அடுக்கியிருந்த மேஜையில் நின்று ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு நூல் வளையமும் பக்கத்து வளையத்தின் மேல் ஒரு துளி நிழல் போடுகிறது. ஆயிரக்கணக்கான குட்டி நிழல்கள். துண்டு பஞ்சு மெத்தை மாதிரித் தெரிகிறது. அதே துண்டை நடைபாதைக்குக் கொண்டுவந்து, நேர் மேலே எரியும் விளக்கின் கீழ் பிடித்தேன். நிழல் எல்லாம் போய்விட்டது. சாதாரணத் துண்டு. திரும்ப மேஜைக்குக் கொண்டுபோனேன், மறுபடி பஞ்சு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றே சொல்வேன். அந்த வளையங்கள் நிஜமாகவே இருக்கின்றன, கையால் அழுத்தினால் தெரிகின்றன. இருப்பதை எடுத்துக் காட்டுகிற விளக்கு நல்ல விளக்கு. இந்த வேலையைச் செய்தவர் யாரோ, நேரில் பார்த்தால் கைகொடுப்பேன்.

பொருள்களை வைத்திருக்கும் விதத்திலும் ஒரு நல்ல புத்தி தெரிகிறது. விரிப்புகளைக் கத்தியால் வெட்டியது போல ஒரே அளவில் மடித்து அடுக்கினால் அழகாக இருக்கும், ஆனால் யாரும் தொடமாட்டார்கள். கலைத்துவிட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று கை தயங்கும். இங்கே ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு விரிப்பைப் பாதி பிரித்து, ஓரம் மேஜைக்கு வெளியே தொங்கும்படி விட்டிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அந்த மேஜையைக் கடந்த அநேகமாக எல்லோரும் அந்தத் தொங்கும் ஓரத்தை விரல் நுனியால் தடவிவிட்டுத்தான் போனார்கள். அதில் சிலர் திரும்பி வந்து விரித்துப் பார்த்தார்கள். துணி விற்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வழி விஷயத்தில் அவர்களைக் கட்டாயம் பாராட்ட வேண்டும். பெரிய கடைகள் பலவற்றில் நம்மைச் சுற்றவைப்பதே திட்டம். ஐகியா என்ற அறைகலன் கடைகளில் தரையில் அம்புக்குறி போட்டு, அறை அறையாகக் கூட்டிப்போய், சின்னப் பொருள்கள் பகுதி வழியாக இறக்கி, கடைசியில் கிடங்குக்குக் கொண்டுவிடுவார்கள். அதிலும் குறுக்கு வழிகள் உண்டு, தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். வந்த காரியம் மறந்துபோய்க் கண்டதையும் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கும் அந்த நிலைக்கு விக்டர் க்ரூயன் பெயரையே வைத்திருக்கிறார்கள். வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர். மினசோட்டாவில் 1956-இல் திறந்த சௌத்டேல் வணிக வளாகத்தை வடிவமைத்தவர். கடைசிக் காலத்தில் அவரே அந்த வளாகங்களை வெறுத்துப் பேசினார். நம் கடையில் வாசலில் நின்றாலே பணம் கட்டும் இடம் தெரிகிறது, வெளியே போகும் வழியும் தெரிகிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் தோள் உரசாமல் போக இடம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் யாரையும் விலகச் சொல்லாமல் கடை முழுக்கச் சுற்றிவந்தார். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்த இடத்தில்தான் மனசு நிதானமாக நிற்கும்.

இசை இருக்கிறது, மெல்லிய கம்பி வாத்தியம். நான் கவனித்துக் கேட்டதால்தான் தெரிந்தது. அக்காவைப் பிற்பாடு கேட்டேன், "பாட்டா? அங்கேயா?" என்றாள். இப்படித்தான் நடக்கும். 1982-இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், ஒரு பேரங்காடியில் வேகமான இசைக்குப் பதில் மெதுவான இசை ஓடிய நாள்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியிருந்தது. 1997-இல் பிரிட்டனில் செய்த இன்னொரு சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மது அலமாரி ஒன்றில் பிரெஞ்சு ஒயினையும் ஜெர்மன் ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடியபோது பிரெஞ்சுக் குப்பிகள் 40, ஜெர்மன் 8. ஜெர்மன் இசை ஓடியபோது பிரெஞ்சு 12, ஜெர்மன் 22. இசைதான் காரணமா என்று வாங்கியவர்களைக் கேட்டால் மிகச் சிலரே ஆமாம் என்றார்கள். தெரியாமலே நடக்கிற காரியம் இது. அதனால்தான் கடை கட்டுகிறவர்களுக்குப் பொறுப்பு கூடுதல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில் நாம் கை வைக்கிறோம்.

வாசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. நுழைந்ததும் வலது பக்கம் பெரிய மண்சாடி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன இயந்திரம் மர வாசனையைத் தெளித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வாசனைத் தைலத்தை அவர்கள் விற்கவில்லை. துணியில் வருவதும் அந்த வாசனை இல்லை. புதுப் பருத்தித் துணிக்கென்றே ஒரு மணம் உண்டு, கஞ்சியும் வெயிலும் கலந்த மாதிரி. அதை இந்தத் தெளிப்பு மூடிவிடுகிறது. ஸ்டார்பக்ஸ் 2008-இல் சூடான காலைச் சாண்ட்விச்சுகளை நிறுத்துவதாக அறிவித்தது. சூடான பாலாடைக்கட்டியின் வாசனை காபி வாசனையை அமுக்குகிறது என்பதுதான் அவர்களுடைய தலைவரின் குறை. பிறகு செய்முறையை மாற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். விற்கிற பொருளின் வாசனையைவிட உயர்ந்த வாசனை அந்தக் கடைக்குக் கிடையாது. அந்த இயந்திரத்தை அணைத்துவிட்டால் போதும், செலவே இல்லை.

இனி என் குறை.

முதல் தடவை போனபோது அக்கா தன் படுக்கையறைக்கு ஒரு விரிப்பும் இரண்டு தலையணை உறையும் எடுத்தாள். விரிப்பு பருத்தி, உறை லினன். இரண்டும் காய்ந்த இலையின் நிறம், பழுப்பு ஓடிய பச்சை. கடையில் ஒரு கட்டிலில் விரித்தே வைத்திருந்தார்கள், அவ்வளவு பொருத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தோம். இரவு விளக்கில் ஏதோ இடித்தது. காலையில் சன்னலைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. விரிப்பு நீலம் கலந்த சிமெண்ட் நிறம். உறை மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, உறையை எடுத்து விரிப்பின் மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். "உனக்குக்கூடத் தெரியலையாடா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அது வலித்தது.

தெரிந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு மேலே இருந்தது 2700 கெல்வின் விளக்கு, நல்ல மஞ்சள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் ஓடிய வெள்ளை. அந்த ஒளியில் நீலப் பங்கு ரொம்பக் குறைவு. சாயத்தில் நீலம் இருந்தாலும் திருப்பி அனுப்ப நீல ஒளி வேண்டுமே. அதனால் நீலம் ஒளிந்துகொண்டு பழுப்பு மட்டும் முன்னால் வருகிறது. பகல் வெளிச்சத்தில் அது வெளியே வந்துவிடும். பருத்திக்கும் லினனுக்கும் வேறு வேறு சாயக் கலவை போட்டிருப்பார்கள். இரண்டு கலவைகள் ஒரு விளக்கின் கீழ் அச்சு அசலாக ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துபோவது சாயப்பட்டறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்காகவே ஆலைகளில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே பகல் ஒளிக்கு டி65, பழைய குண்டு பல்பு ஒளிக்கு ஏ, கடை விளக்குக்கு டிஎல்84 என்று பல விளக்குகள். ஒன்றை அணைத்து ஒன்றைப் போட்டு, எல்லாவற்றிலும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் துணி வெளியே போகும். துணி நெய்கிற இடத்தில் எடுக்கும் இந்த அக்கறையை, துணி விற்கிற இடத்தில் ஏன் எடுக்கக் கூடாது?

நல்ல விளக்கு போட்டிருக்கிறோம், சிஆர்ஐ 90-க்கு மேல் என்று சிலர் சொல்வார்கள். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. அந்த எண், விளக்கை அதே கெல்வின் அளவுள்ள ஒரு மாதிரி ஒளியோடுதான் ஒப்பிடுகிறது. மஞ்சள் விளக்கு, நல்ல மஞ்சள் விளக்காக இருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். பகலில் துணி எப்படித் தெரியும் என்பதை அது சொல்லவே சொல்லாது.

இந்தக் கடைக்குத் தெருப்பக்கம் மூன்று பெரிய சன்னல்கள் உண்டு. மூன்றையும் உள்பக்கம் மரப்பலகை அடித்து மூடி, அலமாரி போட்டுவிட்டார்கள். காரணம் புரிகிறது. வெயில் பட்டால் துணி வெளுக்கும். காலைக்கும் மாலைக்கும் கடையின் தோற்றம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் ஆசைப்படுவார்கள். நானும் எத்தனையோ கடைகளில் சன்னலை மூடச் சொல்லியிருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இவர்கள் துணியை இவ்வளவு மதிக்கிறவர்கள். மேலங்கியின் வெளுப்பைக்கூட மறைக்காமல் காட்டுகிறவர்கள். நிறத்தில் மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? ஒரே ஒரு சன்னலைத் திறந்து, அதன் பக்கத்தில் ஒரு மேஜை போட்டால் தீர்ந்தது. முடியாவிட்டால் ஒரு மூலையில் இரண்டு விளக்கு, ஒன்று மஞ்சள், ஒன்று பகல் வெளிச்சம் மாதிரி 6500 கெல்வின், ஒரு சுவிட்ச். வாங்குகிறவரே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்வார். இதை நிர்வாகியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மாற்றித் தரவும் மறுக்கவில்லை. அது நடக்கும்வரை நீங்கள் போனால், துண்டையும் திரைச்சீலையின் நெசவையும் அந்த மேஜை வெளிச்சத்தை நம்பியே வாங்குங்கள். நிறம் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டியதை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

மாற்றுவதற்காகப் போனது மூன்றாவது தடவை. மேலங்கி கட்டிய ஒரு பெண்தான் எங்களைக் கவனித்தாள். அக்கா ஒரு விரிப்பை எடுத்து அந்தக் கட்டிலின் மேல் போட்டுப் பார்க்கப் போனாள்.

"அக்கா, இங்கே வேண்டாம். வாசலுக்கு வாங்க, அங்கேதான் கலர் சரியாத் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை சார். மாத்த வர்றவங்க எல்லாம் கலர்னுதான் வர்றாங்க. அதான் நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

மூன்று விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வெறுமையாக விட்டிருந்த அந்த ஆறடியைத் தாண்டி, கதவை முதுகால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு விரிப்பை உதறிக் கைகளில் அகல விரித்தாள். தெரு இரைச்சல் உள்ளே பாய்ந்தது. அக்கா உறையை அதன் மேல் வைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது இல்லை, அடுத்ததைக் காட்டும்மா" என்றாள், தன் வழக்கமான சத்தமான குரலில்.